ஆடிப்பெருக்கு: ஆற்றங்கரையில் ஒரு நாள்

காவிரிக் கரை மக்கள் ஆடி மாதம் 18ஆம் நாளில் கொண்டாடும் ஆடிப்பெருக்கு, பயணம், உணவு, பயிர் வளர்ப்பு, வழிபாடு ஆகிய நான்கையும் ஒருசேர இணைக்கும் விழாவாகும். குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகும் காலம் இது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர் அப்பெருக்கு அணையின் நீர்த்திறப்பையும் சார்ந்ததாயிற்று.

திருவரங்கத்து அம்மா மண்டபம், பவானி கூடுதுறை போன்ற படித்துறைகளுக்குக் குடும்பத்தோடு செல்வோர் கொண்டுபோகும் சித்திரான்னங்களில், அதாவது எலுமிச்சை, தேங்காய், தயிர் முதலியவை கலந்த சோற்று வகைகளில், புளியோதரைக்கே முதலிடம் தர வேண்டும். புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் அதனை நெடுநேரம் கெடாமல் காப்பதோடு, ஆறிய பிறகுதான் அதன் சுவையும் கூடுகிறது.

விழாவின் நுட்பமான பகுதி முளைப்பாரி. தானியங்களையும் பயறுகளையும் மண்ணும் எருவும் இட்ட பாத்திரத்தில் விதைத்து, வெயில் படாத அறையில் நீர் தெளித்துப் பெண்கள் வளர்ப்பதால், ஒளியின்றிப் பச்சையம் உருவாகாத அந்நாற்றுகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடிது வளர்கின்றன. இவை ஆற்றில் விடப்படும் நாளை ஒட்டியே ஆடிப்பட்டம் எனப்படும் விதைப்புப் பருவமும் அமைவதால், விதையின் முளைப்புத் திறனைச் சோதித்தறியும் உழவர் வழக்கமே சடங்காயிற்று எனக் கருதுவோரும் உண்டு. சிறுவர்களோ சப்பரம் எனும் சிறு மரத்தேரை இழுத்துக்கொண்டு தெருவெங்கும் ஓடுவர்.