விழுதுக்கு வழி விடுங்கள்



மார்கழிப் பட்டத்தில் வேர்க்கடலை விதைத்து ஒரு மாதம் ஆனால் கொல்லை முழுக்க மஞ்சள் பூவாக நிற்கும். பார்க்கக் கண் நிறையும். ஆனால் பிடுங்கும்போது, "பூ நல்லாத்தான் பூத்துது, காயைத்தான் காணோம்" என்று சொல்பவர்கள் உண்டு. பூவுக்கும் காய்க்கும் நடுவே ஒரு பயணம் இருக்கிறது. மகசூல் கைநழுவுவது பெரும்பாலும் அந்தப் பயணத்தில்தான். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

காலையில் மலர்ந்த பூ அன்றைக்கே வாடிவிடும். சில நாளில் அந்த இடத்திலிருந்து ஊசிபோல ஒரு விழுது கிளம்பி, நேராகத் தரையை நோக்கி இறங்கும். அதன் நுனியில்தான் கருவுற்ற சூல் இருக்கிறது. கீழே எது, மேலே எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

செடியின் சில உயிரணுக்களில் மாவுச்சத்து மணிகள் இருக்கின்றன. குடத்தைச் சாய்த்தால் உள்ளே கிடக்கும் கூழாங்கல் தாழ்ந்த பக்கம் உருண்டு வருகிறதல்லவா? அதேபோல இந்த மணிகளும் புவியீர்ப்பினால் தாழ்ந்த பக்கம் வந்து படிகின்றன. அதைக் கொண்டே செடி திசையை அறிகிறது. உடனே ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி, அதாவது ஹார்மோன், ஒரு பக்கமாகக் கூடுகிறது.

சாய்ந்த தண்டில் ஆக்சின் அடிப்பக்கம் சேரும். அந்தப் பக்கம் அதிகமாக நீளும். தண்டு மேலே நிமிரும். வேரிலும் அடிப்பக்கம்தான் சேர்கிறது. ஆனால் அந்த அளவு வேருக்கு அதிகம். அதனால் அடிப்பக்க வளர்ச்சி தடைப்பட்டு வேர் கீழே வளைகிறது. வெளிச்சத்துக்கும் இதே கணக்குதான். நிழல் பக்கத்தில் ஆக்சின் கூடுவதால், வரப்பு மரத்தடியில் இருக்கும் நாற்று வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது. முளையின் நுனிதான் வெளிச்சத்தை உணர்கிறது என்பதை சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880-லேயே எழுதி வைத்தார்கள்.

விழுது பார்க்க வேர் மாதிரி இருந்தாலும், அமைப்பில் தண்டு வகையைச் சேர்ந்தது. தண்டு என்றால் மேலே அல்லவா போக வேண்டும்? இதற்கு விடை 1999-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சியில் கிடைத்தது. படுக்க வைத்த விழுதில் ஆக்சின் மேல்பக்கம் போய்ச் சேருகிறது. மேல்பக்கம் அதிகம் நீள்வதால் நுனி கீழே வளைகிறது. சந்தேகம் இருந்தால், விழுது விட்ட தொட்டிச் செடி ஒன்றைப் படுக்க வைத்துப் பாருங்கள். தண்டு நிமிரும்; விழுது திரும்பவும் தரையைத் தேடும்.

இறங்கினால் மட்டும் போதாது. வெளிச்சம் படுகிற வரைக்கும் விழுது நீண்டுகொண்டுதான் போகும், காய் பருக்காது. மண்ணுக்குள் போய் இருட்டானதும் நீளுவதை நிறுத்தி, நுனி படுக்கையாகத் திரும்பி, காய் கட்டத் தொடங்கும். தரையிலிருந்து 15 செ.மீ., அதாவது அரையடிக்கு மேல் பூத்த பூவின் விழுது பெரும்பாலும் மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். டி.எம்.வி. 7 போன்ற கொத்து ரகங்கள் நிமிர்ந்து வளர்வதால் அவற்றில் இந்த இழப்பு அதிகம்.

இனி நாம் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கூரம், உத்திரமேரூர்ப் பக்கம் நெல் அறுத்த ஏரிப் பாசன நிலத்தில் மண் இறுகிக் கிடக்கும். அதில் ஊசி போன்ற விழுது எப்படி நுழையும்? அதனால் விதைப்புக்கு முன்பே கட்டி இல்லாமல் பொலபொலவென்று உழுதுவிடுங்கள். இறவைப் பயிருக்கு 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, செடியைச் சுற்றி மண் அணையுங்கள். அணைத்த மண் விழுதின் பயணத்தைக் குறைக்கும், இருட்டையும் தரும். ஜிப்சம் எதற்கு என்றால், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் கொண்டுவந்து கொடுப்பதில்லை. காயே தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அது குறைந்தால் பருப்பில்லாத பொக்குக் காய்தான் மிஞ்சும்.

மண் அணைத்த பிறகு களைக்கொட்டைக் கொல்லைக்குள் கொண்டு போகாதீர்கள். இறங்கிய விழுது ஒன்று அறுந்தால் ஒரு காய் போயிற்று என்று அர்த்தம். களையெடுப்பு எல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். விழுது இறங்கும்போதும் காய் பிடிக்கும்போதும் மண்ணில் ஈரம் குறையக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது.

திசை காட்ட விழுதுக்கு ஆள் வேண்டாம், அதற்கே தெரியும். இளகிய மண்ணும் ஈரமும் இருட்டும் கொடுப்பது மட்டும் நம் வேலை. இந்தப் பட்டத்தில் 40-ஆம் நாளைத் தவற விடாதீர்கள்.