சைனஸ் உயர்த்தும் அறுவை சிகிச்சை: மருந்துகளை எவ்வாறு பயன்படுத்த வேண்டும்?

மேல்தாடையின் கடைவாய்ப் பற்களை இழந்து நாளானால், அங்குள்ள எலும்பு தேய்ந்து, பல் இம்ப்ளான்ட்டைத் தாங்கும் உயரத்தை இழக்கிறது. அந்நிலையில், எலும்பின் மேலுள்ள சைனஸ் அறையின் மெல்லிய சவ்வை உயர்த்தி, அடியில் எலும்புத் துகள்களை வைப்பர். அவை உறுதிபெறப் பல மாதங்கள் ஆகும். தொடக்க வாரங்களில் தொற்றோ அழுத்தமோ ஏற்பட்டால், வைத்த எலும்பு வீணாகக்கூடும்.

அறுவைக்கு முன் தெரிவிக்க வேண்டியவை

• இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் (ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின்). இவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மாரடைப்போ பக்கவாதமோ நேரிடலாம்.
• எலும்புத் தேய்மானத்திற்கான மருந்துகள், ஊசிகள்.
• நீரிழிவு, சிறுநீரக நோய், வயிற்றுப்புண், ஆஸ்துமா.
• பெனிசிலின் உள்ளிட்ட மருந்து ஒவ்வாமை.

அறுவைக்குப் பின் தரப்படும் மருந்துகள்

நுண்ணுயிர்க்கொல்லி: அமாக்ஸிசிலின் போன்றவை தொற்றைத் தடுக்கத் தரப்படலாம். வலி குறைந்துவிட்டது என்று இடையில் நிறுத்தாதீர்கள். உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி நிவாரணி: பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் உட்கொள்ளக் கூடாது. சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருப்பதைக் கவனியுங்கள். சிறுநீரக நோய், வயிற்றுப்புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இப்யூபுரோஃபென் உட்கொள்ள வேண்டாம்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து: மருத்துவர் குறித்த சில நாள்களுக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். நீடித்தால் அடைப்பு முன்பைவிட மிகும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும்.

வாய் கொப்பளிப்பான்: குளோர்ஹெக்சிடின் கரைசலை மருத்துவர் கூறிய நாள்முதல் மென்மையாகப் பயன்படுத்துங்கள்.

மருந்தோடு காக்க வேண்டிய ஒழுங்கு

மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். உறிஞ்சுகுழலால் பருகுதல், புகைபிடித்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். இவற்றால் எழும் அழுத்தத்தையும் பாதிப்பையும் எந்த மருந்தாலும் ஈடுசெய்ய இயலாது.

பராமரிப்பவர் கவனத்திற்கு

மருந்துகளின் பெயரையும் நேரத்தையும் தாளில் எழுதி வைத்துக் குறித்து வாருங்கள். முதல் ஓரிரு நாள்கள் மூக்கில் சிறிது இரத்தம் கசிவது இயல்பு. நிற்காத இரத்தப்போக்கு, காய்ச்சல், மூன்று நாள்களுக்குப் பின்னும் கூடும் வீக்கம், மூக்கில் சீழ், குடித்த நீர் மூக்கின் வழியே வருதல் ஆகியவை தென்பட்டால், அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் உடனே பல் மருத்துவரை அணுகுங்கள்.