டோபி காட்டில் இறங்கினால் 700 ஆண்டு வரலாறு: மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

தொலைக்காட்சியில் அகழாய்வு நிகழ்ச்சி பார்த்திருப்பீர்கள். ஒருவர் குழிக்குள் உட்கார்ந்து சின்ன பிரஷ்ஷால் மண்ணைத் தட்டுவார். பின்னணி இசை எகிறும். விளம்பர இடைவேளை முடிந்து வந்தால் கையில் பானையோ காசோ இருக்கும்!

பிரிட்டனின் 'டைம் டீம்' தொடர் இந்த வகையில் பிரபலம். 1994 முதல் 2014 வரை சேனல் 4இல் ஒளிபரப்பானது. ஓர் இடம், மூன்றே நாள். அதற்குள் தோண்டி முடிக்கவேண்டும்.

நிஜத்திலும் அப்படித்தானா? தெரிந்துகொள்ள பிரிட்டன் வரை போகவேண்டாம். டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் போதும்.

*நிலையத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?*

அந்தக் காலத்தில் இங்கு ஓடிய ஓடையில் இந்தியச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். டோபி காட் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

நிலையத்தை ஒட்டினாற்போல் ஃபோர்ட் கேனிங் குன்று. சுழல் படிக்கட்டில் நின்று படம் எடுக்க வரிசை பிடிப்பார்களே, அதே இடம்தான். அங்கிருந்து மேலே கொஞ்சம் நடந்தால் கூரை போட்ட அகழாய்வுத் தளம் ஒன்று இருக்கிறது. பலர் அதைப் பார்க்காமலேயே இறங்கிவிடுகிறார்கள்.

*குன்றில் ஏதோ இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது?*

மலாய் மக்கள் இதை 'புக்கிட் லாராங்கான்', அதாவது தடைசெய்யப்பட்ட குன்று என்று அழைத்தனர். பழைய மன்னர்கள் வாழ்ந்த இடம் என்ற நம்பிக்கை இருந்தது.

1822ஆம் ஆண்டு ஜான் கிராஃபர்ட் குன்றில் ஏறிப் பார்த்தார். செங்கல் அடித்தளங்கள், பானை ஓடுகள், சீனக் காசுகள் ஆகியவற்றைக் கண்டதாக எழுதிவைத்தார்.

1920களில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டிய ஊழியர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. ஜாவானியப் பாணியில் செய்யப்பட்ட கைவளை அவற்றுள் ஒன்று.

ஆனால் முறையான அகழாய்வு நடந்தது 1984ஆம் ஆண்டு ஜனவரியில்தான். தொல்லியல் ஆய்வாளர் ஜான் மிக்சிக் அதற்குத் தலைமை தாங்கினார். 14ஆம் நூற்றாண்டு மண் அடுக்கு கலையாமல் அப்படியே இருந்தது.

*உடைந்த ஓடு என்ன சொல்லும்?*

நிறையச் சொல்லும்.

சீனப் பீங்கானின் களிமண், மெருகு, வேலைப்பாடு ஆகியவை காலத்துக்குக் காலம் மாறும். ஒரு துண்டைப் பார்த்தே எந்தக் காலத்தில் செய்தது என்று நிபுணர்களால் கணிக்கமுடியும். குன்றில் கிடைத்த பீங்கான்களில் பல, சீனாவை யுவான் வம்சம் ஆண்ட காலத்தவை.

ராஃபிள்ஸ் வந்திறங்கியது 1819இல். அதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுக்கு முன்பே இங்கு நல்ல பீங்கானில் சாப்பிட்டவர்கள் இருந்திருக்கிறார்கள்! 'வெறும் மீன்பிடிக் கிராமம்' என்ற பழைய கதைக்கு இது பதில்.

*தொலைக்காட்சி எதைக் காட்டுவதில்லை?*

தோண்டுவது வேலையின் சிறு பகுதி மட்டுமே.

• நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள்
• அடுக்கு அடுக்காக மண்ணை எடுத்துச் சலிப்பார்கள்
• எந்தக் கட்டம், எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுவார்கள்
• பிறகு கழுவி, காயவைத்து, எண்ணிட்டு, வகைப்படுத்துவார்கள்

2015இல் எம்பிரஸ் பிளேசில் நடந்த அகழாய்வில் கிடைத்தவற்றின் எடை சுமார் 3 டன். தோண்டியது சில மாதம்தான். கழுவிப் பிரித்து ஆராய்வதற்கோ பல ஆண்டு பிடிக்கும். அதை யார் உட்கார்ந்து படம் பிடிப்பது?

*தமிழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?*

சிங்கப்பூர் ஆற்றின் முகப்பில் எழுத்து பொறித்த பெரிய பாறை ஒன்று இருந்தது. 1843இல் கட்டுமானத்துக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதில் ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தின் வசம் உள்ளது. 'சிங்கப்பூர்க் கல்' என்பது அதுதான்.

அந்த எழுத்தை இதுவரை யாரும் முழுமையாகப் படித்ததில்லை. 2019இல் ஆய்வாளர் இயன் சின்கிளேர் ஒரு கருத்தை முன்வைத்தார். அதிலுள்ள சில எழுத்துகள் 'பரகேசரிவர்மன்' என்ற சோழர் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். முதலாம் ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தின்மீது கடற்படை அனுப்பியதை நினைத்தால் ஆர்வம் கூடத்தான் செய்கிறது.

ஆனால் அது ஊகமே, உறுதியாகவில்லை. முழுப் பாறையும் இருந்திருந்தால் விடை கிடைத்திருக்கலாம். மற்ற துண்டுகளோடு அந்த வாய்ப்பும் போய்விட்டது.

*ஏன் கவனம் தேவை?*

அகழாய்வு ஒரு தடவைதான் செய்யமுடியும். ஒரு முறை தோண்டிய அடுக்கை மீண்டும் அப்படியே வைக்கமுடியாது. பதிவு செய்யாமல் எடுத்தால் அது வெறும் ஓடுதான்.

சிங்கப்பூரில் நிலம் குறைவு. பழைய துறைமுக நகரம் இருந்த அதே இடத்தில்தான் இன்றைய நகர மையமும் இருக்கிறது. கட்டுமான இயந்திரம் வருவதற்கு முன்பே ஆய்வாளர் வரவேண்டும்.

கடலும் இதே கதையைச் சொல்கிறது. பெட்ரா பிராங்கா அருகே இரண்டு கப்பல் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டதாக 2021இல் அறிவிக்கப்பட்டது. ஒன்று 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதிலிருந்த யுவான் காலப் பீங்கான்கள் ஃபோர்ட் கேனிங் போன்ற இடங்களில் கிடைத்தவற்றோடு ஒத்துப்போகின்றன. அந்தச் சரக்கு இங்கேயே வந்துகொண்டிருந்ததோ என்னவோ!

*நாம் என்ன செய்யலாம்?*

எங்காவது பழைய ஓடோ காசோ கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருக்கும் இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, தேசிய மரபுடைமைக் கழகத்திடம் தெரிவியுங்கள். பொருளைவிட அது கிடந்த இடம்தான் அதிகம் பேசும்.

அடுத்த முறை டோபி காட்டில் ரயில் மாறும்போது கொஞ்சம் நேரம் இருந்தால் குன்றில் ஏறுங்கள். படிக்கட்டில் படம் எடுத்த கையோடு அந்தக் குழியையும் எட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச்செல்லுங்கள். பின்னணி இசை இருக்காது. ஆனால் மண் அதே மண்.