நரம்பும் நஞ்சும் – 11: கால்சியத்துக்குக் காது கொடுப்பது யார்?

மாப்பிள்ளையூரணியின் கிழக்கே, உப்பளங்களைத் தாண்டினால் மன்னார் வளைகுடா. அங்கே விரிக்கும் வலைகளில் ஏறும் ஊசிக்கணவாய் நல்ல விலைக்குப் போகும். பேத்தை மீனை யாரும் சீந்துவதில்லை. அடியில் சிக்கிவரும் கூம்பு வடிவச் சங்குகள் அழகுப் பொருளாகும். ஏலக்கூடத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த மூன்று உயிர்களின் இனங்களும் நரம்பியலின் ஒரே கேள்விக்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. நரம்பில் ஓடிவரும் மின் துடிப்பு, முனையை அடைந்ததும் வேதிப்பொருளாக மாறி அடுத்த உயிரணுவுக்குத் தாவுகிறதே, அந்த மாற்றத்தின் விசை எது? சினாப்டோடாக்மின் என்ற புரதம்தான் என்பது இந்த வாரம் நான் நிறுவ முயலும் வாதம்.

நரம்பு முனைக்குள் நுண்பைகள் நிறைந்திருக்கின்றன. அந்த வேதிப்பொருளை, அதாவது கடத்திப் பொருளை, அவைதான் சுமக்கின்றன. அவற்றில் சில, துறையில் அணைந்து சரக்கிறக்கக் காத்திருக்கும் தோணிகளைப் போல, விளிம்புச் சவ்வை ஒட்டித் தயாராக நிற்கும். துடிப்பு வந்ததும், ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில், பையின் சவ்வும் முனையின் சவ்வும் ஒன்றாகிச் சரக்கு வெளியே கொட்டும். இதைத் தூண்டுவது மின்சாரம் நேரடியாகவா, துடிப்பின்போது உள்ளே பாயும் சோடியமா, கால்சியமா? 1967-இல் பெர்னார்ட் காட்சும் ரிக்கார்டோ மிலெடியும் கணவாயின் ராட்சத நரம்பிணைப்பில் இதைச் சோதித்தார்கள். பேத்தையின் நஞ்சான டெட்ரோடோடாக்சினை ஊற்றிச் சோடியத்தின் வழியை அடைத்த பிறகும், முனைக்கு மின்னூட்டம் கொடுத்தால் கடத்திப் பொருள் வந்தது. கால்சியம் உள்ளே வர முடிந்தவரைதான் வந்தது. சோடியம் வெறும் தூதன், சொல் கால்சியத்தினுடையது.

கூம்புச் சங்கின் நஞ்சு இதையே மறுபக்கமிருந்து உறுதிசெய்கிறது. பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டொமெரோ ஒலிவெராவின் குழு பிரித்தெடுத்த ஒமேகா கோனோடாக்சின்கள் நரம்பு முனையின் கால்சிய வாயிலை அடைக்கின்றன. துடிப்பு வந்தும் பைகள் அசையாமல் நிற்கும். அதில் ஒன்றுதான் சிகோனோடைடு என்ற பெயரில் 2004-இல் அமெரிக்காவில் கடும் வலிக்கான மருந்தாக அனுமதி பெற்றது. நம் கரையும் இதில் பின்தங்கவில்லை. கோனஸ் அமாடிஸ் என்ற சங்கின் நஞ்சிலிருந்து, சோடிய வாயிலைச் சாத்தவிடாமல் செய்யும் ஒரு பெப்டைடைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணனும் அவர்கள் குழுவினரும் 2003-இல் விவரித்தார்கள். பழ ஈக்களில் நுண்பைகள் மீண்டும் உருவாகும் விதத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவரும் இதே கிருஷ்ணன்தான். நஞ்சையும் நுண்பையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மிடம் குறைவு.

ஆனால் சங்கின் நஞ்சு வாயிலோடு நின்றுவிடுகிறது. உள்ளே வந்த கால்சியம் யாரிடம் பேசுகிறது என்பதை அது சொல்லாது. பைகளின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தை 1981-இல் கண்டிருந்தார்கள். தாமஸ் ஸூடாஃபின் குழு 1990-இல் அதன் மரபணுவைப் படித்தபோது, கால்சியத்தைப் பிடிக்கும் இரண்டு பகுதிகள் அதில் இருப்பது தெரிந்தது. அதுதான் சினாப்டோடாக்மின். 1993-இல் மறுபடியும் கணவாய்: அந்தப் புரதத்தின் சிறு துண்டுகளை ராட்சத நரம்பு முனைக்குள் செலுத்தினார்கள். கால்சியம் வழக்கம்போல் நுழைந்தது, கடத்திப் பொருள் வருவது நின்றது, சவ்வை ஒட்டி நிற்கும் பைகள் கூடிப்போயின. தடை விழுந்தது பைகள் வந்து அணைவதில் அல்ல, அதற்கு அடுத்த படியில்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 1994-இல் சினாப்டோடாக்மின் 1 இல்லாத எலிகளை உருவாக்கியபோது, அவற்றின் நரம்பணுக்களில் வெளியீடு அடியோடு நிற்கவில்லையே? நிற்கவில்லை, உண்மை. எஞ்சியது எது என்று பார்க்க வேண்டும். துடிப்போடு ஒட்டி வரும் வேகமான வெளியீடு போய்விட்டது. தாமதமாகச் சிந்துவது மட்டும் மிஞ்சியது. அடர்ந்த சர்க்கரைக் கரைசலால் தூண்டினால் பைகள் வழக்கம்போல் திறந்தன. ஆக, சவ்வுகளை இணைக்கும் ஸ்நேர் புரதங்கள் பழுதில்லாமல் இருந்தன. அவற்றுக்கு நேரம் சொல்ல ஆளில்லை. அந்த எலிகள் பிறந்து இரண்டு நாள் தாங்கவில்லை.

இன்னும் பிடிவாதமானவர், புரதத்தையே எடுத்துவிட்டால் எது வேண்டுமானாலும் கெடும், அதனால் அது உணரி என்று ஆகிவிடாது என்பார். எனக்கும் இது வலுவான ஆட்சேபமாகவே படுகிறது. இதற்கான பதில் 2001-இல் வந்தது. புரதத்தை அப்படியே விட்டு, 233-ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். கால்சியத்தின் மீதான அதன் பிடிப்பு ஏறக்குறையப் பாதியானது; எலியின் நரம்பணுக்களில் வெளியீட்டின் வாய்ப்பும் ஏறக்குறையப் பாதியானது. வெறும் தாங்குதூண் என்றால் இந்த ஒத்திசைவுக்கு இடமே இல்லை. தவளையின் தசை நரம்பில் வெளியீடு கால்சிய அளவின் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்று 1967-லேயே டாட்ஜும் ரஹமிமோஃபும் அளந்திருந்தார்கள். பல கால்சிய அயனிகள் கூடித்தான் விசையை இழுக்கின்றன என்பது அதன் பொருள். சினாப்டோடாக்மினின் முதல் பகுதி மூன்று அயனிகளையும் இரண்டாவது பகுதி இரண்டையும் பிடிக்கிறது.

அப்படியானால் நம் உடலில் ஏன் 17 வகைச் சினாப்டோடாக்மின்கள்? எல்லாம் இந்த வேலைக்கல்ல; சில கால்சியத்தைப் பிடிப்பதே இல்லை. ஏழாம் வகை மெதுவானது. மேலே சொன்ன தாமதச் சிந்தலில் ஒரு பங்கு அதனுடையது. அடுத்தடுத்த துடிப்புகளில் வெளியீடு கூடுவதற்கும் அது தேவை. கால்சியத்தைப் பிடித்த புரதம் சவ்வை வளைக்கிறதா, ஸ்நேர் மீதுள்ள பூட்டை எடுக்கிறதா என்ற சண்டை ஆய்வகங்களில் இன்னும் ஓயவில்லை. விசை எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் சண்டை. எது விசை என்பதில் அல்ல.

மனிதரிடமிருந்தும் சான்று கிடைத்திருக்கிறது. இந்த மரபணுவின் இரண்டு படிகளில் ஒன்றில் மட்டும் பிழையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி 2015-இலும் 2018-இலும் மருத்துவர்கள் எழுதினார்கள். வளர்ச்சித் தாமதம், கட்டுப்பாடற்ற அசைவுகள், பேச்சின்மை. பெற்றோரிடம் இல்லாத அந்தப் பிழைகள் புரதத்தின் இரண்டாவது பகுதியில், கால்சியத்தைப் பிடிக்கும் இடத்தை ஒட்டியே அமைந்திருந்தன. மற்றொரு படி சரியாக இருந்தும் அது ஈடுகொடுக்கவில்லை.