நினைவிலிருந்து வரைந்த வீடுகள்

தோம்பு என்பது இலங்கையில் ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்ட காணிப் பதிவேடு. எந்தக் காணி யாருடையது என்பதற்கு அதுவே சான்றாக இருந்தது. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளிவந்த தம் கலைநூலுக்கு, முற்றுப்பெறாத தோம்பு என்ற பொருளில் பெயர் வைத்தார். போரில் இடம்பெயர்ந்தவர்கள், விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தந்த படங்களே அந்நூலின் அடிப்படை.

வீட்டுக்காரர் கைப்பட வரைந்த தளப்படம், அதையே கட்டடக் கலைஞர் அளவோடு வரைந்தது, ஓவியர் உலர்வண்ணத்தில் தீட்டியது என்று ஒவ்வொரு வீடும் மூன்று படங்களாகப் பதிவாகிறது. மூன்றிலும் அரியது முதல் படம். யாழ்ப்பாணத்தில் வீடு என்பது வளவும் சேர்ந்தது: கிணறு, வேலி, பனை, மாமரம், ஒழுங்கையில் திறக்கும் படலை. காணி உறுதியில் நான்கு எல்லையும் பரப்பும் எழுதியிருக்கும்; குசினி எந்தப் பக்கம், கிணற்றடிக்கு எந்த வாசலால் போவது என்பதெல்லாம் அங்கே வாழ்ந்தவருக்கே தெரியும். 1995 அக்டோபர் இறுதியில், போரால், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலிருந்து சில நாட்களில் லட்சக்கணக்கானோர் வெளியேறினார்கள். பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றிய ஊர்களின் மக்களோ 1990 முதலே அகதிகள். இராணுவம் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் காணி திரும்பக் கிடைத்தபோது, வீடும் வேலியும் இருந்த அடையாளமே இல்லாத வெறும் வெளியைக் கண்டவர்கள் பலர்.

வீடு நிற்கும்போதே அதைப் பதிவுசெய்யும் வழிகளும் உண்டு. கிழக்கு லண்டனில் ஒரு வீட்டு வரிசை முழுவதும் இடிக்கப்பட்டு ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. சிற்பி ரேச்சல் வைட்ரீட் 1993இல் அதன் உட்சுவர்களில் கான்கிரீட் பூசி, அது இறுகியதும் செங்கல் சுவர்களைப் பெயர்த்தெடுத்தார். அறைகளுக்குள் இருந்த வெற்றிடம் கல்லாக நின்றது. கணப்பு மாடங்களின் குழிவு வெளியே புடைத்துத் தெரிந்தது. அவ்வாண்டு டர்னர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. அந்தச் சிற்பத்தையும் 1994 ஜனவரி 11 அன்று இடித்துவிட்டார்கள். ஒளிப்படங்களே மிச்சம்.

கொரியக் கலைஞர் டோ ஹோ சு, சியோலில் உள்ள தம் பெற்றோரின் மரபு வீட்டை 1999இல் பட்டுத் துணியில் முழு அளவில் தைத்தார். அதை மடித்துப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகலாம். நாணயத்தின் மேல் தாளை வைத்துச் சிறுவர் பென்சிலால் தேய்ப்பார்களே, அதைப்போலத் தாம் குடியிருந்த நியூயார்க் வீட்டின் உட்புறம் முழுவதையும் தாளால் மூடி, வண்ணப் பென்சிலால் தேய்த்தெடுத்தார். கதவின் கைப்பிடி, சுவிட்சு எல்லாம் தாளில் பதிந்தன.

கான்கிரீட்டுக்கும் துணிக்கும் பணம் வேண்டும், நிற்கிற வீடும் வேண்டும். தரைமட்டமான வீட்டுக்கு, அதில் வாழ்ந்தவர் வரையும் படமே ஆதாரம். அப்படி வரையக்கூடிய முதியவர் வீட்டில் இருந்தால், இன்றே அவர் கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள்.