கீபோர்டுக்காகக் காத்திருக்கும் ஃபங்ஷனை டெஸ்ட் செய்வது எப்படி?

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் சொந்தக்காரர் ஒருவருக்குக் கமிஷன் கடை இருக்கிறது. அவருக்காகப் பைத்தானில் சின்னதாக ஒரு ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். எடை கேட்கும், விலை கேட்கும், நூற்றுக்குப் பத்து கமிஷன் கழித்துப் பூ கொண்டுவந்தவருக்குச் சேரவேண்டிய தொகையைப் பிரிண்ட் செய்யும். எல்லாமே ஒரே ஃபங்ஷன்.

ஒருநாள் மல்லிகை போட வந்த அம்மா சிட்டையைப் பார்த்துவிட்டு, "முக்கா கிலோவ எங்கப்பா காணோம்?" என்றார். எடை 2.750 கிலோ, கிலோ 600 ரூபாய். வரவேண்டியது 1485. சிட்டையில் இருந்தது 1080. பூப் பறித்தவர்களுக்கு அவர் அதிலிருந்துதான் கூலி கொடுக்கணும்.

தப்பு என்னுடையதுதான். முதலில் எடையை 'இன்ட்' வைத்து மாற்றியிருந்தேன். தசமம் வந்ததும் ப்ரோக்ராம் நின்றுபோனது. அவசரத்தில் 'ஃப்ளோட்' ஆக்கி, அதன்மேல் பழைய 'இன்ட்'டையும் விட்டுவிட்டேன். நிற்பது நின்றது, முக்கால் கிலோ காணாமல் போனது.

டெஸ்ட் எழுதியிருக்கலாமே? எழுதப் பார்த்தேன். ஓடவிட்டால் 'இன்புட்' வரியில் வந்து, யாராவது டைப் செய்யட்டும் என்று உட்கார்ந்துகொள்ளும். விடையும் திரைக்குப் போய்விடும், ஒப்பிடக் கையில் எதுவும் மிஞ்சாது.

முதல் வைத்தியம், கணக்கைத் தனியே பிரிப்பது. எடையையும் விலையையும் வாங்கித் தொகையை 'ரிட்டர்ன்' செய்யும் ஃபங்ஷனுக்குக் கீபோர்டும் வேண்டாம், திரையும் வேண்டாம். டெஸ்ட் ஒரே வரி.

ஆனால் என் தப்பு கணக்கில் இல்லை, கேட்டு வாங்கும் இடத்தில் இருந்தது. அதையும் சோதிக்கணும். 'யூனிட்டெஸ்ட்' உள்ளேயே 'மாக்' இருக்கிறது (பைத்தான் 3.3, 2012 முதல்). அதன் 'பேட்ச்' மூலம் 'இன்புட்'டுக்குப் பதில் ஒரு போலியை வைத்து, 'சைட் எஃபெக்ட்' பட்டியலில் பதில்களை வரிசையாகக் கொடுத்தால் போதும். பிரிண்ட் ஆவதை 'ரீடைரக்ட் எஸ்டிடிஅவுட்' கொண்டு ஒரு 'ஸ்ட்ரிங்ஐஓ'வுக்குள் பிடித்து ஒப்பிடலாம்.

இரண்டு கவனம். ஒன்று, நிஜ 'இன்புட்' எப்போதும் எழுத்துச்சரம்தான் தரும்; போலியும் அப்படியே தரணும். 2.75 என்று எண்ணாகக் கொடுத்தால் 'இன்ட்' சத்தமில்லாமல் 2 ஆக்கிவிடும். எழுத்துச்சரமாகக் கொடுத்தால்தான் பிழை காட்டும். இரண்டு, போலி 'இன்புட்' கேள்வியைத் திரையில் எழுதாது. கேள்வியின் வாசகத்தையும் சோதிக்கணும் என்றால், 'எஸ்டிடிஇன்'னையே ஒரு 'ஸ்ட்ரிங்ஐஓ'வாக மாற்றுங்கள்.

405 ரூபாயை மறுநாளே கொடுத்தாச்சு. இப்போது என் முதல் டெஸ்ட்: "2.750", "600" கொடுத்தால் 1485 வரணும். அந்த அம்மா கேட்ட கேள்வியை ஒவ்வொரு தடவையும் அது கேட்கிறது.