சினிமா வீட்டுக்கு வந்தது, சரி; அம்மா பார்த்தாளா?

"இந்த வாரம் என்ன படம்?"

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் ஒரே அர்த்தந்தான் உண்டு. ஊரில் எந்தக் கொட்டகையில் எந்தப் படம் மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் அது. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு ஓடி வரும் பிள்ளை, வாசற்படியில் நின்றபடியே விஷயத்தைக் கூவிவிடுவான். இன்றைக்கோ வெள்ளிக்கிழமை பிறந்தால் கேள்வியும் கூடத்திலேயே எழுகிறது. பதிலும் கூடத்திலேயே கிடைத்துவிடுகிறது. செல்போனில் விரலை ஓட்டி, "பாட்டி, நம் வீட்டுக்கு இந்த வாரம் வந்திருக்கிற புதுப் படங்கள் இவை" என்று பேரன் ஒரு ஜாபிதாவே வாசித்து விடுகிறான்.

சகோதரிகளே! இந்தச் சௌகரியம் ஒரே நாளில் வந்து குதித்துவிடவில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள நம் சமவெளியில் அது எப்படிப் படிப்படியாக வந்தது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போமா? முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது!

டெக் வந்த இரவு

ஜப்பானில் ஜே.வி.சி. கம்பெனி 1976-இல் வி.எச்.எஸ். என்ற வீடியோ இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. எண்பதுகளில் அது நம் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்த்தது. 'டெக்' என்று நாம் அதற்குப் பெயர் சூட்டினோம். சொந்தமாக வாங்க எத்தனை பேரால் முடியும்? ஆகவே ஒரு நாள் வாடகைக்கு எடுப்போம். கலர் டெலிவிஷன் ஒன்று, டெக் ஒன்று, காஸெட் மூன்று அல்லது நான்கு. இவ்வளவும் சேர்ந்து சைக்கிள் கேரியரில் ஏறி வரும்போது தெருவே கூடிவிடும்.

நாகல் நகர்ப் பக்கம் நடந்த அப்படி ஓர் இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. தறிச் சத்தம் ஓய்ந்த பிறகு, அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பாயும் தலையணையுமாக வந்து சேர்ந்தார்கள். முதலில் ஒரு பக்திப் படம், பெரியவர்களுக்காக. அப்புறம் ஒரு சண்டைப் படம், பையன்களுக்காக. மூன்றாவது படம் ஓடும்போது பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். ஆயினும் வாடகை கொடுத்தாயிற்றே! காலையில் கடைக்காரர் வந்து கதவைத் தட்டும் வரையில் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

ஒரு காஸெட்டுக்குள் அரை அங்குல அகலத்தில், ஏறக்குறைய 258 மீட்டர் நீளமுள்ள நாடா சுற்றியிருக்கும். அதில் மூன்று மணி நேரம் படம் பதியலாம். நம் தமிழ்ப் படத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது, பாருங்கள்! நாடாவில் பூசணம் பிடித்தால் படத்தின் மேல் மழை பெய்யும். பலர் கை பட்டுத் தேய்ந்த காஸெட்டென்றால் கதாநாயகி முகம் கோணும். அதையும் சிரித்துக்கொண்டே பார்த்தோம்.

அந்தக் காஸெட்டுகளில் திருட்டுப் பிரதிகள் ஏராளம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1984-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ படங்களையும் அதற்குள் கொண்டு வந்தார்கள். அதே ஆண்டில் வீடியோ மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு ஒரு தனிச் சட்டமே இயற்றியது. இருபது ஆண்டு கழித்து, 2004-இல், திருட்டு வீடியோக்காரர்கள் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்தார்கள். இவ்வளவும் செய்தும் திருட்டு ஒழியவில்லை. உருவம் மட்டுமே மாறியது. காஸெட் போய் வி.சி.டி. வந்தது, வி.சி.டி. போய் டி.வி.டி. வந்தது. கடைசியில், வி.எச்.எஸ். இயந்திரம் செய்துகொண்டிருந்த ஜப்பானியக் கம்பெனியும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கோபுரத்திலிருந்து கூடத்துக்கு

சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-லேயே வந்துவிட்டது. ஆனால் தென் மாவட்டங்களில் அந்தப் படம் தெரியாது. மொட்டை மாடியில் உயரமாக ஆன்டெனா கட்டி, இலங்கையின் ரூபவாஹினி கிடைக்குமா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த காலம் அது. கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைப் படம் நம் கூடத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தது. 1993-இல் சன் டி.வி. பிறந்தது. அதற்கப்புறம் தீபாவளி, பொங்கல் என்றால் புதுப் படம் வீட்டுக்கு வருவது புதுத் துணி எடுப்பது போல ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

கொட்டகைக்கு வரும் நாளிலேயே வீட்டுக்கும் படம் வந்தால் என்ன? இந்தக் கேள்வியைத் தைரியமாகக் கேட்டவர்கள் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். 'விஸ்வரூபம்' படத்தைக் கொட்டகைக்கு முன்பாகவே டி.டி.எச். மூலம் வீடுகளில் காட்டப் போவதாகக் கமல்ஹாசன் அறிவித்தார். கொட்டகைக்காரர்கள் வெகுண்டெழுந்தார்கள், நினைத்தபடி நடக்கவில்லை. 2013-இல் படம் கொட்டகைக்கே வந்தது. 2015-இல் டைரக்டர் சேரன், 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' என்ற தம் படத்தை நேரே டி.வி.டி.யாக வீடுகளுக்கு விற்றார். அந்த ஏற்பாடும் வேரூன்றவில்லை.

எந்த மனிதராலும் செய்ய முடியாததைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி செய்து முடித்தது! 2020 மார்ச்சில் கொட்டகைகள் மூடப்பட்டன. மே 29-ஆம் தேதி ஜோதிகா நடித்த 'பொன்மகள் வந்தாள்' கொட்டகை வாசலையே மிதிக்காமல் நேரே வீட்டுக்கு வந்தது. அந்தத் தீபாவளிக்கு 'சூரரைப் போற்று'. அடுத்த தீபாவளிக்கு 'ஜெய் பீம்'. இப்போது கொட்டகையில் ஓடும் பல படங்களும் நான்கு வாரம் ஆனதும் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. எட்டு வாரமாவது பொறுக்க வேண்டுமென்று கொட்டகைக்காரர்கள் கேட்கிறார்கள். அவர்கள் பிழைப்பும் நடக்க வேண்டுமல்லவா?

பூட்டும் சாவியும்

பூட்டுக்குப் பேர் போன ஊர் நம் திண்டுக்கல். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களாகிய நமக்குச் சினிமாப் பூட்டையும் சொல்லித் தர வேண்டுமா?

கொட்டகையில் வாசற்காரர் பையனின் மீசையைப் பார்த்து உள்ளே விடுவார். வீட்டில் அந்த வாசற்காரர் நீங்கள்தான். 2021-இல் மத்திய அரசு கொண்டு வந்த விதிகளின்படி, வீட்டுக்கு வரும் படங்களுக்கு இன்ன வயதுக்கு உரியவை என்று அடையாளம் போட வேண்டும். 7, 13, 16 என்று எண்கள் இருக்கும். பெரியவர்களுக்கு மட்டும் என்றால் 'ஏ' இருக்கும். 13 வயதும் அதற்கு மேலும் என்று குறித்த படங்களுக்குப் பெற்றோர் பூட்டுப் போட வசதி செய்து தர வேண்டும் என்றும் விதி உண்டு. 'செட்டிங்ஸ்' பகுதியில் போய் நான்கு இலக்க எண் ஒன்றை வைத்துவிட்டால் பூட்டு விழுந்துவிடும். எண்ணை மட்டும் பிள்ளையின் பிறந்த வருஷமாக வைத்துவிடாதீர்கள். அவன் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பான்!

இன்னொன்று. "இலவசமாகக் கிடைக்கிறது" என்று யாராவது புதுப் படத்தைச் செல்போனில் அனுப்பினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கொட்டகையில் படத்தைக் களவாகப் பதிவு செய்தால் மூன்று மாதத்துக்குக் குறையாமல், மூன்று வருஷம் வரை சிறை என்று 2023-இல் சட்டம் வந்திருக்கிறது. அந்தக் களவுப் பண்டம் நம் கூடத்துக்குள் நுழையலாமா?

கடைசியில் ஒரு கேள்வி

வாக்களித்தபடி இப்போது கேட்டுவிடுகிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்த படத்தை நீங்கள் முழுதாகப் பார்த்தீர்களா?

நானே பதில் சொல்லிவிடட்டுமா? படம் ஆரம்பிக்கும்போது சாதம் குக்கரில் இருந்தது. கதாநாயகன் அறிமுகமானபோது தோசை வார்த்துக்கொண்டிருந்தீர்கள். இடைவேளை என்பதே வீட்டில் கிடையாது. ஆனாலும் காப்பி மட்டும் கேட்டார்கள். உச்சக்கட்டத்தின்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தீர்கள். "முடிவு என்ன ஆச்சு?" என்று கேட்டதற்கு, "நல்லாத்தான் முடிஞ்சுது" என்று ஒரே வார்த்தையில் கதை சொன்னார்கள்!

அந்த நாளில் டூரிங் டாக்கியில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தார்களே நம் தாய்மார்கள், அவர்களுக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் அவர்களை யாரும் எழுப்பவில்லை. அடுப்பு வீட்டில் இருந்தது. அவர்கள் கொட்டகையில் இருந்தார்கள். படத்தோடு சேர்த்து ஓய்வையும் வாங்கி வந்தார்கள். சினிமா வீட்டுக்கு வந்தபோது, அந்த ஓய்வு மட்டும் வழியில் எங்கோ தவறிப் போயிற்று.

ஆகவே என் யோசனை இதுதான். வாரத்தில் ஒரு படம் உங்கள் விருப்பப்படி இருக்கட்டும். அன்றைக்குச் சமையலை முன்கூட்டியே முடித்து, பாத்திரத்தை இன்னொருவர் துலக்க ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் எழுந்தால் படமும் நிற்க வேண்டும். அதற்கென்றே ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. டெக் காலத்தில் செய்தது போல அடுத்த வீட்டு அம்மாவையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எப்போதாவது ஒரு முறை, கொட்டகைக்கே கிளம்பிப் போங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை "என்ன படம்?" என்ற கேள்வி எழும்போது, பதிலை நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து முதலில் உட்கார்ந்துவிடுங்கள்!